சுருக்கென்று குத்தும் சீஸ்

காசில்டாவை ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காசி என்பார்கள். கங்கைக்கரைக் காசி அல்ல. லா மஞ்சா பக்கத்து ஸ்பானியப் பேச்சில் காசி என்றால் 'கிட்டத்தட்ட' என்று பொருள். பஸ் டிப்போவில் அந்தப் பெயரை வைத்து அவளை ஓட்டாத ஆள் கிடையாது. "காசி கிட்டத்தட்ட உட்கார்ந்துட்டா, யாராவது போட்டோ எடுங்கப்பா" என்பார்கள். சொன்னதில் தப்பும் இல்லை. ஐம்பத்தாறு வயதில் ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறெங்கும் அவள் முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. காப்பியை நின்றுகொண்டே குடிப்பாள். சூப்பை அடுப்படியில் சாய்ந்துகொண்டு குடிப்பாள். தேவாலயத்தில்கூட பெஞ்சின் நுனியில், பாதிரியார் முடித்தால் ஓடிவிடுவதற்குத் தயாராகத்தான் இருப்பாள்.

தொமெல்யோசோவிலிருந்து அர்கமசில்யா, மன்சனாரெஸ் வழியாக சியுதாத் ரியல் வரை போய்த் திரும்பும் பஸ் அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். அந்த வழித்தடத்தில் ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண் அவள்தான். முதல் நாள் காலையில் பதினொரு கிழவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க அடுத்த பஸ்ல வர்றோம்" என்று ஒதுங்கி நின்றார்கள். அடுத்த பஸ்ஸும் அவளுடையதுதான். மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்கள். எப்போது அதை நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் இந்த வருஷம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரியில் வந்த ஒரு விஷக்காய்ச்சல் அவள் கணவன் ஒனோரியோவின் மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒனோரியோ டிராக்டர் மெக்கானிக். எண்பத்துநாலு கிலோ. எந்த நட்டு இறுகிக்கொண்டாலும் பாலைத் திட்டுவான். அந்த நாட்டில் ஆத்திரம் வந்தால் அப்படித்தான், அம்மா அப்பாவை விட்டுவிட்டுப் பாலைத் திட்டுவார்கள். "நாசமாப்போன பாலே!" என்று பட்டறையிலிருந்து கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்றான். ஆட்டுக்கறி ரப்பர் என்றான். அப்புறம் எதுவுமே சொல்லாமல் தட்டைத் தள்ளி வைக்கப் பழகிக்கொண்டான். நவம்பர் வந்தபோது அவன் அறுபத்துமூன்று கிலோ.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவள். "அடுத்த திங்கட்கிழமை எடை பார்ப்பேன். அறுபத்திரண்டுக்குக் கீழ போயிருந்தா அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட்டுடுவேன்" என்றாள். காசில்டாவை மட்டும் வெளியே அழைத்துப் போய் இன்னொன்றும் சொன்னாள். "வாசனைக்கு ஒரு நரம்பு, சுருக்குன்னு குத்துறதுக்கு வேற நரம்பு. அந்த ரெண்டாவது உயிரோட இருந்தா, அவருக்கே திரும்பச் சாப்பிடணும்னு தோணலாம். ஆனா வயித்துல புண் இருக்கு. மிளகாய் கிளகாய்னு கொடுத்துடாதீங்க."

மிளகாய் கூடாது, வினிகர் கூடாது, கடுகும் கூடாது. வேறு என்னதான் குத்தும்? வீட்டுக்கு வரும் வழியில் ஒனோரியோவே பதில் சொன்னான். கார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னான். "முன்னெல்லாம் பழைய சீஸ் ஒண்ணு கிடைக்கும். வாயில வச்சா நாக்கு நுனியில சுருக்குன்னு குத்தும். அது மட்டும் கிடைச்சா…" முடிக்கவில்லை. ஒன்பது மாதத்தில் அவன் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அன்றிலிருந்து காசில்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சிக்கல் என்னவென்றால், செம்மறிப்பால் சீஸுக்குப் பேர்போன லா மஞ்சாவில் பிறந்து வளர்ந்த காசில்டா சீஸ் சாப்பிடமாட்டாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் சொல்வதில்லை. அப்பாவும் அம்மாவும் செம்மறிப் பட்டியில்தான் குடியிருந்தார்கள். காலையில் பால் கறந்துவிட்டு அம்மா அதே கையால் அவளுக்குத் தலை சீவிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்மே' என்று கத்துவார்கள். ஒன்பது வயதில், இனி ஆட்டுப்பால் சம்பந்தப்பட்ட எதையும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம், சனிக்கிழமை தோறும் ஒனோரியோ கடைக்குள் போய் மோந்து, தட்டி, தடவிச் சீஸ் வாங்குவான். அவள் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இப்போது சீஸ் தெரிந்தவனுக்கு நாக்கு இல்லை, நாக்கு உள்ளவளுக்குச் சீஸ் தெரியாது. என்ன கொடுமை இது!

பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கித் தேடினாள். மன்சனாரெஸில் பதினைந்து நிமிஷம் நிற்கும். சந்தைக்குள் ஓடுவாள். முதல் கடைக்காரன் கூம்பு மாதிரி சீஸை அடுக்கி வைத்துக்கொண்டு, "வா என் ராணி, என்ன வேணும்?" என்றான்.

"பழைய சீஸ். குத்துமா?"

"சத்தியமா குத்தாது ராணி!" என்று நெஞ்சில் கை வைத்தான். "ஒரு வருஷம் பழசு, ஆனா வெண்ணெய். குழந்தைக்கே கொடுக்கலாம்."

அடுத்த கடையில் குத்துமா என்றதும் அந்தப் பெண்ணுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க சீஸைப் பத்தி யாரு அப்படிச் சொன்னா? பேரைச் சொல்லு." மூன்றாவது கடைக்காரர் போட்டியில் வாங்கிய மெடலை எடுத்துக் காட்டினார். காசில்டாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இப்போதெல்லாம் குத்துவது ஒரு குறை. சுற்றுலாக்காரர்களுக்குப் பிடிக்காது, நடுவர்கள் மார்க் போடமாட்டார்கள். அதனால் ஊரே போட்டி போட்டுக்கொண்டு குத்தாத சீஸ் செய்கிறது. அவள் புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் அவளைச் சமாதானப்படுத்துகிறார்கள்!

"குத்தணும்யா! எனக்குக் குத்துறதுதான் வேணும்!" என்று நாலாவது கடையில் கத்தியேவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரன் பயந்துபோய், இருப்பதிலேயே பழசு என்று ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். "கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று கத்தி நுனியில் ஒரு சீவலை நீட்டினான். "நேரமில்லை" என்று அவள் ஓடினாள். நேரம் இருந்தது.

சாயங்காலம் ஒனோரியோ அதை வாயில் போட்டு மென்றான். அவள் நின்றபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆங்" என்றான். "லேசா சுருக்குன்னுது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நல்லாவே இருக்கு. வந்து உட்காரு காசி."

அவள் உட்காரவில்லை. சந்தோஷத்தில் பாத்திரம் கழுவினாள், தரையைத் துடைத்தாள், அக்காவுக்குப் போன் செய்தாள். லேசாகக் குத்துகிறது என்றால் நரம்பு உயிரோடு இருக்கிறது. அப்படியானால் இன்னும் கூடுதலாகக் குத்துவது கிடைத்தால் இன்னும் கொஞ்சம் சாப்பிடுவான். மறுநாள் வேறு கடை, வேறு துண்டு. அதற்கும் "ஆங், இது கொஞ்சம் கூடுதல்" என்றான். அதற்கடுத்ததற்கும் அதையே சொன்னான். ஆனால் எதிலும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. புதன்கிழமை குளியலறைத் தராசில் அவனை நிற்க வைத்தாள். முள் அறுபத்திரண்டரையில் நடுங்கியது. நாக்கில் குத்துகிறது என்கிறான், உடம்பு இறங்குகிறதே, இது என்ன கணக்கு என்று இரவெல்லாம் புரண்டாள்.

வியாழக்கிழமை காலை, எல்லாவற்றிலும் அதிகமாகக் குத்துகிறது என்று அவன் சொன்ன துண்டைக் காகிதத்தோடு பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர்களுக்கு மாதிரி காட்டலாம், இதைவிடக் கூடுதல் வேண்டும் என்று கேட்கலாம். பஸ் முழுக்க ஆட்டுவாடை. வழக்கமாக முதல் சீட்டில் உட்காரும் நிக்காசியா அம்மா மூக்கை உறிஞ்சினாள். அந்த முதல் நாளில் கிழவர்களைத் திட்டிவிட்டுத் தனியாக ஏறிய ஒரே பயணி இவள்தான். அன்று பிடித்த சீட்டை இன்னும் விடவில்லை.

"ஏம்மா பொண்ணே, பையில செம்மறி வச்சிருக்கியா?"

காசில்டா சாலையைப் பார்த்தபடியே விஷயத்தைக் கொட்டினாள். திங்கட்கிழமை, குழாய், எல்லாவற்றையும்.

"நீ ஏன் மன்சனாரெஸ் சந்தையில போய் மோதுற?" என்றாள் நிக்காசியா. "அர்கமசில்யாவுல பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல தீவனக் கடை இருக்கே, தியொடோரோ, அவன்கிட்ட கேளு. எண்ணெய்க்குள்ள போட்டு வச்சிருப்பான். தன் வீட்டுக்குன்னு செய்யறது. விக்கமாட்டேன்னுதான் முதல்ல சொல்லுவான்."

"இருபத்திரண்டு வருஷமா அந்தக் கடை முன்னாடிதானே நிறுத்துறேன்! ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

பின்னாலிருந்து ஒருவர், "பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டச் சொல்லுங்கம்மா" என்றார். இன்னொருவர், "அட, சீஸ் விஷயம் பேசுறாங்க, சும்மா இருய்யா" என்று அவரை அடக்கினார்.

அர்கமசில்யாவில் ஆறு நிமிஷம் நிற்க வேண்டும். காசில்டா என்ஜினை அணைக்காமல் இறங்கி ஓடினாள். தீவன மூட்டைகளுக்கு நடுவில், கோழிக்குப் போடும் சோளத்தை அளந்துகொண்டிருந்தார் தியொடோரோ. ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, காதில் பென்சில்.

"எண்ணெய்ல போட்ட சீஸ் வேணும்."

"இங்க தீவனம்தான் விக்கிறோம்."

"என் வீட்டுக்காரர் எதுவும் சாப்பிடமாட்டேங்கிறார். குத்துற சீஸ்னா மட்டும் சாப்பிடறார்." பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். "இது குத்துதாம். இதைவிடக் கொஞ்சம் கூடுதலா வேணும்."

தியொடோரோ காகிதத்தைப் பிரித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து ஒரு சீவல் சீவி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இது எங்க குத்துது? இது பட்டுத்துணி."

"இல்லையே. அவர் குத்துதுன்னாரே."

"நீ தின்னு பாத்தியா?"

அவள் பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தியொடோரோ உள்ளே போய், மண் ஜாடிக்குள் கை விட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு பாதிச் சீஸை எடுத்து வந்தார். மேல்தோல் கறுத்து, வெட்டு வாயெல்லாம் வெடித்து, பார்க்கவே சகிக்கவில்லை. "இரண்டு வருஷம். ஆனா ருசி பாக்காம யாருக்கும் தரமாட்டேன். போன வருஷம் மாட்ரிட்காரன் ஒருத்தன் வாங்கிட்டுப் போய், கெட்டுப்போனதைத் தலையில கட்டிட்டேன்னு என் மேல புகார் எழுதிட்டான். முதல்ல நீ கொண்டாந்ததைத் தின்னு. அப்புறம் இதை. வித்தியாசம் தெரிஞ்சா எடுத்துட்டுப் போ."

"நான்… நேரமில்லை, பஸ்…"

"அப்ப போ."

பஸ் ஜன்னல் முழுக்க முகங்கள். முப்பது பேரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். பஸ் உறுமுகிறது. காசில்டாவுக்கு 'ம்மே' என்ற சத்தம் காதில் கேட்டது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய சத்தம்! தான் கொண்டுவந்த துண்டிலிருந்து ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பல்லால் தொடாமல் நாக்கில் வைத்தாள். வழவழவென்று கரைந்தது. அவ்வளவுதான். குத்தவில்லை. துளிகூடக் குத்தவில்லை.

பிறகு கறுத்த சீஸ். வைத்த மாத்திரத்தில் நாக்கின் இரண்டு ஓரத்திலும் எறும்பு கடித்தது போல் சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொண்டை வரைக்கும் அந்தக் காரம் இறங்கியது.

"தெரியுதா?" என்றார் தியொடோரோ.

"தெரியுது" என்றாள். அவளுக்கு வேறு ஒன்றும் சேர்ந்தே தெரிந்துவிட்டது. அந்தப் படுபாவி பொய் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு சாயங்காலமும், முகத்தைப் பார்த்து, கூசாமல், பொய்!

தியொடோரோ காசு வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த தடவை ரெண்டு மூட்டை தவிட்டை பஸ்ல ஏத்திக்கோ, போதும்." நாலு நிமிஷம் தாமதமாகப் பஸ் கிளம்பியது. அன்றைக்கு அவள் ஓட்டிய ஓட்டத்தில் வளைவுகளில் கிழவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நிக்காசியா அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, சீஸ் கிடைச்சிடுச்சுல்ல? அப்புறம் யாரைக் கொல்லப் போற?" என்றாள். "என் புருஷனை" என்றாள் காசில்டா. கோபம் அவளுக்குத் தலைக்கேறியிருந்தது. கோபத்துக்கு அடியில் பயம். நரம்பு உயிரோடு இருக்கிறது என்று அக்காவுக்குப் போன் போட்டாளே. ஒருவேளை இல்லவே இல்லையா? இந்தக் கறுத்த சீஸும் அவன் வாயில் பஞ்சாகிவிட்டால்? அப்புறம் தேடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

வீட்டுக்குள் போனவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேசையில் ஒனோரியோ ரேடியோவைக் கழற்றிப் போட்டு, பூட்டிக்கொண்டிருந்தான். தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். முதலில் பட்டுத்துணியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் மென்றான். "ஆங். இது நல்லாக் குத்துது."

"பொய்."

"என்னது?"

"பொய் சொல்ற. அது குத்தாது. வெண்ணெய் மாதிரி இருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் சீஸே…" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "நீ தின்னியா?"

"தின்னேன். முப்பது பேர் பாக்க, தீவனக் கடையில நின்னு தின்னேன். ஏன்யா பொய் சொன்ன? நான் நாய் மாதிரி ஊர் ஊரா அலையறேன், நீ உட்கார்ந்துக்கிட்டு ஆங், ஆங்குற!"

அவன் ரேடியோவின் ஓட்டை முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அலையறதை நிறுத்துவேன்னு நினைச்சேன். குத்துதுன்னா நீ வந்து உட்காருவ, ஒரு அரை மணி நேரமாவது பக்கத்துல இருப்பன்னு நினைச்சேன். நீ என்னடான்னா அடுத்ததைத் தேட ஓடிட்ட. திங்கட்கிழமை என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிடுவாங்க காசி. அதுக்குள்ள கொஞ்ச நேரம் நீ…" அதையும் முடிக்கவில்லை.

கறுத்த துண்டை எடுத்து அவளே அவன் வாயில் வைத்தாள்.

மென்றான். ஒன்றும் இல்லை. அவன் முகம் ரேடியோவைப் பார்ப்பது போலவே இருந்தது. அப்போது அவன் மெல்லுவதை நிறுத்தினான். புருவம் சுருங்கியது. கை தானாக வாயருகே போனது.

"நாசமாப்போன பாலே!" என்று கத்தினான். "என்னடி இது, ஊசியா? நாக்கை ஓட்டை போடுது! பாலு நாசமாப் போக, அதைக் கறந்தவன் நாசமாப் போக!" இருமினான், கண்ணைத் துடைத்தான், மறுபடி பாலைத் திட்டினான். ஒன்பது மாதமாகக் காணாமல் போயிருந்த வசவு வீடு முழுக்க அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"குத்துதா?"

"குத்துதாவா? கொல்லுது!"

"ருசி?"

அவன் நிதானித்தான். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "இல்லை. ருசி ஒண்ணும் தெரியலை. குத்துறது மட்டும்தான்." கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தான். பிறகு அதை அவள் பக்கம் தள்ளினான். "நீ தின்னுட்டுச் சொல்லு. எப்படி இருக்குன்னு."

"எனக்கு எங்கய்யா தெரியும்?"

"உனக்கு நாக்கு இருக்குல்ல. சொல்லு. நான் இன்னொரு துண்டு போட்டுக்கறேன், நீயும் போட்டுக்கோ. எனக்குக் குத்தும்போது நீ சொல்லிக்கிட்டே இரு."

காசில்டா கோட்டைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்து, முதுகு சாய, முழுசாக உட்கார்ந்தாள். அவன் இரண்டு சீவல் சீவினான், ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான். இருவரும் ஒன்றாக வாயில் போட்டார்கள்.

"முதல்ல எண்ணெய்" என்றாள். "அப்புறம் பாதாம் தோல் மாதிரி கொஞ்சம் கசப்பு."

"ம். அப்புறம்?"

சொல்லலாமா என்று அவள் தயங்கினாள். "அப்புறம், மழையில நனைஞ்ச கம்பளி. பட்டி. எங்கம்மா கை."

ஒனோரியோ கண்ணை மூடிக்கொண்டு மென்றான். குத்தியதில் ஒரு சொட்டுக் கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"அப்ப நல்ல சீஸ்தான்" என்றான். ரொட்டியை நீட்டினான். "உங்கம்மா கையைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு. நான் இன்னும் முழுங்கலை."